கிழக்கே பார்த்த குழாய்

அத்தியாயம் 11

"சாயங்காலம் வரைக்கும்தான் டைம், முனீசு. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காத" என்று சொல்லிவிட்டு ராம்கி பைக்கைக் கிளப்பினான். தல்லாகுளத்தில் அவனுக்கு ஆபீஸ். தெருமுனை திரும்பும் வரை அவன் கோபம் முதுகிலேயே தெரிந்தது.

முனீஸ்வரி வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் கெடு வைத்துவிட்டுப் போகிற வீட்டில் சிரிப்பு எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். அவளுக்கு அன்றைக்கு உடுக்கை அடிக்காமலே சாமி வந்திருந்தது.

போன வாரம் ராம்கியை ஆஸ்பத்திரி வராந்தாவில் விட்டுவிட்டு வந்தோம். உள்ளே அவன் அப்பா உக்கிரபாண்டிக்கு இளைப்பு முற்றி ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். "வீட்டுல மரத்தூசி இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இருந்தது. நாகமலை புதுக்கோட்டையில் வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில்தான் முனீஸ்வரி மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு நடைவண்டியும் ஆடுகுதிரையும் செய்து விற்கிறாள். ரிட்டயர்டு கண்டக்டரான மாமனார், வீட்டில் பொழுது போகாமல் பட்டறையில் வந்து உட்கார்ந்து, வண்டிச் சக்கரங்களுக்கு உப்புத்தாள் தேய்த்துக் கொடுப்பார். மருமகளுக்கு உதவியும் ஆயிற்று, அவருக்கு ஊர்வம்பு பேச ஓர் ஆளும் ஆயிற்று.

"அப்பா வேணுமா, பட்டறை வேணுமா, நீயே சொல்லு" என்று ராம்கி கேட்டானே, அதற்காக அவனைத் திட்டாதீர்கள். பயந்தவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

முனீஸ்வரி யோசிக்கவே இல்லை. "எனக்கு ரெண்டும் வேணும். தூசியை உறிஞ்சுற மெஷின் இருக்குங்க. ஒரே ஒரு நாள் கொடுங்க" என்றாள்.

கொடுத்தான். ஆனால் அவனும் சும்மா இருக்கவில்லை. அவனியாபுரத்தில் ஒரு தகர ஷெட்டைப் பேசி வைத்துவிட்டான். இன்றைக்கு மெஷின் சரிப்பட்டு வரவில்லை என்றால், சாயங்காலமே ஷெட்காரருக்குச் சரி சொல்லிவிடுவான். நாகமலையிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு, அங்கே மாறி அவனியாபுரம். மகள் மீனா பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் போய்த் திரும்பினால், நடுவில் உளியைக் கையில் எடுக்கக்கூட நேரம் மிஞ்சாது. பட்டறை அங்கே போனால் கொஞ்ச நாளில் தானாகச் செத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ராம்கிக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னான் பாருங்கள், அதுதான் அவளுக்கு வலித்தது.

வலியை எல்லாம் மூட்டை கட்டி வைத்தாயிற்று. தெருவில் லோடு ஆட்டோ சத்தம் கேட்டது.

"அக்கா, ரெண்டையும் கொண்டாந்துட்டேன்!" என்று முத்துப்பாண்டி குதித்து இறங்கினான். மரவேலை மெஷின் விற்கிற கடைக்காரன். "சாயங்காலம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. எது புடிச்சிருக்கோ அதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொடுத்துருங்க. விருதுநகர்ல ஒரு பார்ட்டி வேற காத்துக்கிட்டு இருக்காரு."

முனீஸ்வரி ஆட்டோவின் பின்பக்கம் ஏறியே விட்டாள். ஒன்று, காற்றை இழுக்கிற மோட்டாருக்கு மேலே ஆளுயரத் துணிப்பை வைத்த மெஷின். இன்னொன்று, தலைகீழாக நிற்கிற கூம்பு. அதற்குக் கீழே ஒரு டிரம், மேலே மோட்டார். தனியாகச் சாய்த்து வைத்திருந்த ஃபில்டர், மடிப்பு மடிப்பாக, உருளையாக இருந்தது. ஏழெட்டு மாதமாக அவள் போனில் பார்த்துப் பார்த்து ஏங்கிய 'சைக்ளோன்' என்கிற அந்தக் கூம்பு மெஷின் இதோ கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. தொட்டுப் பார்த்தாள். ஜவுளிக்கடைக்குள் நுழைந்தவளின் முகம் அப்படித்தான் இருக்கும்.

"ஏம்ப்பா, இதுல எது எக்ஸ்பிரஸ்ஸு, எது டவுன் பஸ்ஸு?" ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உக்கிரபாண்டி கேட்டார். மூக்கையும் வாயையும் மூடி முகமூடி போட்டிருந்தார். கண் மட்டும் சிரித்தது.

"பை வச்சது டவுன் பஸ்ஸு ஐயா. எல்லாரும் ஏறுறது. இந்தக் கூம்பு இருக்குல்ல, இதுதான் எக்ஸ்பிரஸ்ஸு. காத்து உள்ள போயிச் சுத்துற சுத்துல தூசி அம்புட்டும் டிரம்முல விழுந்துரும். மிச்சம் மீதி பவுடர் மாதிரி வாரதை ஃபில்டர் புடிச்சுக்கிரும். ஆனா ஐயா, வீட்டுப் பட்டறைக்கு டவுன் பஸ்ஸே போதும். மதுரையில எல்லாரும் அதைத்தான் எடுக்குறாக."

"எல்லாரும் எடுக்குறதை எடுக்கவா எம் மருமக டீச்சர் வேலையை விட்டுச்சு?" என்றார் மாமனார்.

முனீஸ்வரிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பதிலுக்கு அதட்டினாள். "மாமா, நான் சொல்ற வரைக்கும் கொட்டகைக்குள்ள கால் வைக்கக் கூடாது. முகமூடியைக் கழட்டக் கூடாது."

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்? மெஷின் சத்தத்துல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது. நான் விசில் அடிக்கிறேன். ஒரு விசிலுக்கு நிறுத்து, ரெண்டு விசிலுக்கு ஓட்டு."

சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து, முகமூடியைக் கொஞ்சம் விலக்கி ஊதினார். பீ என்று ஆரம்பித்தது பாதியிலேயே காற்றாகப் போனது. இருமல் பிடித்துக்கொண்டது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

உள்ளேயிருந்து மாமியார் செல்லத்தாய் ஓடி வந்து அவர் முதுகைத் தடவினாள். முனீஸ்வரியைப் பார்த்தாள். "அந்தத் தூசிதேன் எம் புருசனைத் திங்குது" என்று ஆஸ்பத்திரியில் சொன்னவள் அவள்தான். அந்தச் சொல் இன்னும் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. அள்ளி வெளியே போட இருவருக்கும் வாய் வரவில்லை.

முதலில் டவுன் பஸ்.

கொட்டகையின் ஜன்னல், ஷட்டர் எல்லாவற்றையும் மூடினாள் முனீஸ்வரி. ரம்ப மெஷினோடு பை மெஷினின் குழாயைப் பொருத்தி, ஒரு பலாப் பலகையை அறுத்தாள். ஆகா, என்ன இழுப்பு! தரையில் ஒரு பொட்டுத் தூள்கூட விழவில்லை. பை தொந்தி மாதிரி உப்பி நின்றது.

"பாத்தீகளா அக்கா! தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்" என்று முத்துப்பாண்டி கத்தினான்.

"லைட்டை அணை" என்றாள் முனீஸ்வரி.

இருட்டில் டார்ச்சை அடித்தாள். வெளிச்சம் போன வழியெல்லாம் பொடிப் பொடியாக மிதந்துகொண்டிருந்தது. பையின் துணியில் டார்ச்சைக் காட்டினாள். ஊதுபத்தி புகைகிற மாதிரி துணி வழியாக மெல்லக் கசிந்துகொண்டே இருந்தது.

"பெருக்கி அள்ளுற குப்பையை இது புடிக்குது, முத்துப்பாண்டி. மூச்சோட உள்ள போறதை வடிகட்டி எங்க முகத்துலயே ஊதுது. கண்ணுக்குத் தெரியிற தூசி எங்க மாமாவை ஒண்ணும் செய்யல. கண்ணுக்குத் தெரியாததுதான் ஆஸ்பத்திரியில படுக்க வச்சது."

முத்துப்பாண்டி டார்ச்சை வாங்கி அவனே ஒரு தடவை அடித்துப் பார்த்தான். "இத்தனை வருசம் வித்திருக்கேன், லைட்டை அணைச்சுப் பாத்ததில்லக்கா" என்றான். அவன் நல்லவன். மறைக்கத் தெரியாது.

"சரி, எக்ஸ்பிரஸ்ஸை இறக்கு!"

கூம்பை நிறுத்தி, டிரம்மை முடுக்கி முடிப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. ஆவணி மாதம் என்றுதான் பெயர், தகரக் கூரை சித்திரை மாதிரி கொதித்தது. பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்லத்தாய் ஃபில்டரைக் காட்டி, "ஏத்தா, காத்து திரும்ப வாரது இது வழியாத்தானா?" என்று கேட்டாள்.

"ஆமாத்தே. மாமா மூச்சு விடுற காத்து அம்புட்டும் இது வழியாத்தான் வரும்."

"ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த 'ம்'மை அப்போதே கவனித்திருக்க வேண்டும். பசியில் யார் கவனித்தார்கள்?

முத்துப்பாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தான். முனீஸ்வரி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். கொட்டகைக்கு ஓடினாள். கூம்பு இருந்தது. டிரம் இருந்தது. சுவரில் சாய்த்து வைத்த ஃபில்டரைக் காணோம்.

"நீ எடுத்தியா?"

"நான் இப்பத்தானக்கா வாரேன்!"

கட்டிலுக்கு அடியில், மரக்குவியலுக்குப் பின்னால், லோடு ஆட்டோவில், எங்கும் இல்லை. அப்போது மொட்டை மாடியிலிருந்து சொட்டு விழுந்தது. முனீஸ்வரி மேலே பார்த்தாள். படியில் ஏறி ஓடினாள்.

துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே, நாற்காலி மேல் ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மடிப்புகள் எல்லாம் ஊறிப்போன அப்பளமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மேல் மூடியில் மூன்று பட்டை விபூதியும், நடுவில் குங்குமப் பொட்டும் இருந்தன. பக்கத்தில் சீயக்காய் வாசனையோடு காலி வாளி இருந்தது.

"ஐயையோ, அது காகிதம் அக்கா!" பின்னாலேயே ஓடி வந்த முத்துப்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். "தண்ணியே படக் கூடாது. ஒண்ணுதான் இருந்துச்சு. மறு ஃபில்டர் கோயம்புத்தூர்ல இருந்து வரணும்."

முனீஸ்வரிக்கு மாமியார்மேல் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே செய்திருப்பார்களோ? கெடு சாயங்காலம் வரை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தூசி தின்கிறது என்று சொன்ன வாய் அல்லவா? படியில் வந்து நின்ற மாமியாரைப் பார்த்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள்.

"என்னத்தே செஞ்சு வச்சிருக்கீங்க? பட்டறை போகணும்னா என்கிட்ட நேராச் சொல்லிருக்கலாம்ல?"

செல்லத்தாய் விழித்தாள்.

"நான் எதுக்குத்தா பட்டறை போகணும்ங்கப் போறேன்? நீதானே சொன்ன, மாமா விடுற மூச்சு அம்புட்டும் இது வழியா வரும்னு? அந்தத் தம்பி இதை எங்கெங்க ஓட்டிக் காமிச்சதோ, உள்ள பூராவும் காவிக் கலர்ல அழுக்கா இருந்துச்சு. அழுக்குச் சல்லடையில வடிச்ச காத்தை அந்த மனுசன் எப்படிக் குடிப்பாரு? அதேன் சீயக்காய் போட்டு நாலு தண்ணி அலசினேன். வெள்ளிக்கிழமை வேற. நல்லது நடக்கணும்னு ஒரு பொட்டும் வச்சேன்." குரல் இறங்கியது. "கெட்டுப்போச்சா?"

முனீஸ்வரி அப்படியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. சந்தேகப்பட்ட வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. மாமியாரின் ஈரக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இல்லத்தே. என் புத்திதான் கெட்டுப்போச்சு."

கீழேயிருந்து உக்கிரபாண்டியின் குரல் வந்தது. "என்னாத்தா, வண்டி எடுக்கலையா? பாசஞ்சர் எல்லாம் காத்திருக்கோம்!"

முத்துப்பாண்டி தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, ஃபில்டர் இல்லாம ஓட்ட முடியாது. அந்தப் பவுடர் தூசி அம்புட்டும் கொட்டகைக்குள்ளயே திரும்பி வந்துரும்."

"ஃபில்டர் என் பொறுப்பு. அதை விடு." சொல்லிக்கொண்டே முனீஸ்வரி சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன சொன்ன? கொட்டகைக்குள்ள திரும்பி வருமா?"

"ஆமாக்கா."

"எதுக்குத் திரும்பி வரணும்?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"நான் போன்ல பாத்ததெல்லாம் யாரு? பனி கொட்டுற ஊர்க்காரங்க. அவங்க காசு செலவழிச்சு ரூமைச் சூடு பண்ணி வச்சிருக்காங்க. அந்தச் சூட்டை வெளிய விட மனசில்லாம வடிகட்டி வடிகட்டி உள்ளயே விட்டுக்கிறாங்க. நம்ம ஊர்ல சூட்டைப் பூட்டி வச்சு என்ன செய்யப்போறோம்? இங்க யாராவது வந்து அள்ளிக்கிட்டுப் போனாப் போதும்னு கெடக்கோம்!" முனீஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். பழைய டீச்சர் அவளுக்குள்ளிருந்து கரும்பலகை தேடினாள். "முத்துப்பாண்டி, ஃபில்டரே வேண்டாம். டிரம்முல விழுறது விழட்டும். மிச்சக் காத்தைக் குழாய் வச்சு வீட்டை விட்டே வெளிய ஊதிருவோம்!"

"அட, ஆமால்ல!" என்று முத்துப்பாண்டி கத்தியதில் கொடியிலிருந்த காக்கை பறந்தது.

எந்தப் பக்கம் ஊதுவது? மேற்கே ஊதினால் ஆவணிக் காற்று அப்படியே திருப்பி வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டிவிடும். வடக்கே பக்கத்து வீட்டு ஜன்னல், தெற்கே தெரு. மிஞ்சியது கிழக்குத்தான். அங்கே கருவேலஞ்செடி முளைத்த காலி மனை. காற்றும் அதன் பாட்டுக்கு வீட்டை விட்டுத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

"அது கனகு இடமாச்சே" என்று செல்லத்தாய் மெதுவாகச் சொன்னாள்.

உக்கிரபாண்டியின் ஒரே தங்கை கனகலட்சுமி. பாகம் பிரித்ததில் வந்த மனஸ்தாபம். அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்று வருடக்கணக்காகிவிட்டது. ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு, எதிரே வந்தால் தெரு மாறிப் போகிறார்கள்.

கீழே இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னதும், உக்கிரபாண்டி அந்தக் காலி மனையை எட்டிப் பார்த்தார். "காத்துக்குப் பட்டாவா கேக்கப் போறா? வையி" என்றார். வீறாப்பாகத்தான் சொன்னார்.

போர்வெல் போட்டபோது மிஞ்சிய பெரிய பி.வி.சி. குழாய் கொல்லையில் கிடந்தது. முத்துப்பாண்டி அறுத்தான், முனீஸ்வரி ஒட்டினாள். பிசின் காய்வதற்குள் பொறுமை இல்லாமல் செல்லத்தாய் முறத்தால் விசிறினாள். கிழக்கு ஜன்னல் வழியாகக் குழாய் தலையை நீட்டியது.

ஓட்டினார்கள். பலகை அறுத்தார்கள். தேய்ப்பு மெஷினை ஓட்டினார்கள், அதுதான் கெட்ட தூசியைக் கிளப்புவது. முனீஸ்வரி லைட்டை அணைத்தாள். டார்ச்சை அடித்தாள்.

வெளிச்சம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை சுத்தமாகப் போனது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ மினுங்கியது, அவ்வளவுதான்.

"அத்தே!" என்று கூவினாள் முனீஸ்வரி. "இங்க வந்து பாருங்கத்தே!"

செல்லத்தாய் குனிந்து, நிமிர்ந்து, டார்ச் வெளிச்சத்துக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்து, "ஏங்க, வாங்க. உள்ள வாங்க" என்று அழைத்தாள். அவளே அழைத்தாள்.

உக்கிரபாண்டி முகமூடியோடு வந்து தன் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு சக்கரத்தைக் கையில் எடுத்தார். கொட்டகையின் ஓரத்தில் மூட்டையாகக் கிடந்த பழைய மரத்தூளையும் மெஷின் இழுக்கிற குழாயின் வாயில் காட்டினால் இழுத்துக்கொள்ளுமா என்று கேட்டார். இழுத்துக்கொண்டது. சின்னப் பிள்ளை மாதிரி அவர் ஒவ்வொரு முறமாக அள்ளிக் காட்டக் காட்ட, அது சர் சர் என்று விழுங்கிக்கொண்டே இருந்தது. வெயில் சாயும் வரை அங்கேயே இருந்தார். இருமல் வரவில்லை. செல்லத்தாய் பத்துத் தடவை கேட்டுவிட்டாள், பத்துத் தடவையும் வரவில்லை.

மறு பலகைக்கு முனீஸ்வரி தயாரானபோது அவர் முகமூடியை விலக்கி விசிலை வாயில் வைத்தார். இரண்டு விசில். நாகமலை ஸ்டாப்பிங்கில் நிற்கிற பஸ்ஸே கிளம்பியிருக்கும். அத்தனை நீளம். ஒரு வார மருந்தும் அதில் பாதி இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. மீதிப் பாதி சந்தோஷம்.

அந்தச் சத்தம் தெருமுனையில் ராம்கிக்குக் கேட்டது. சின்ன வயதில் அப்பா பஸ் தெருவைக் கடக்கும்போது கேட்ட அதே விசில். பைக்கை எப்படி நிறுத்தினானோ தெரியாது, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொட்டகைக்குள் வந்து நின்றான்.

"டார்ச்சை அடிச்சுப் பாருங்க" என்றாள் முனீஸ்வரி.

அடித்துப் பார்த்தான். மேலே, கீழே, ஸ்டூலுக்கு அடியில், அப்பாவின் சட்டைக் காலரில் எல்லாம் அடித்துப் பார்த்தான். அப்பா முகத்தில் அடித்தபோது, "டிக்கெட் எடுத்தாச்சுடா, செக்கிங்கு போதும்" என்றார் அவர்.

ராம்கி சிரித்துவிட்டான். சிரித்ததில் கண்ணும் நனைந்துவிட்டது. "டாக்டர்கிட்ட கேக்கணும். முகமூடியைக் கழட்டக் கூடாது. ரொம்ப நேரம் உக்காரக் கூடாது" என்று அடுக்கினான்.

"கேப்போம். கழட்ட மாட்டாரு. உக்கார விட மாட்டேன்" என்று முனீஸ்வரி அதே வேகத்தில் திருப்பினாள்.

"முனீசு, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் கேட்டது..."

போன் அடித்தது. ஷெட்காரர். ராம்கி எடுத்து, "அண்ணே, அது வந்துண்ணே, வீட்டுல ஒரு இதுண்ணே" என்று இழுத்தான். செல்லத்தாய் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நான் அவன் ஆத்தா பேசுறேன். எங்க மருமக பட்டறை எங்கிட்டும் வராது. இங்கனதேன் இருக்கும். நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க." எப்படி அணைப்பது என்று தெரியாமல் போனை முனீஸ்வரியிடம் நீட்டினாள்.

முனீஸ்வரியால் அதை வாங்க முடியவில்லை. கண்ணீரில் பொத்தான் தெரியவில்லை. ஷெட்காரர் இன்னும் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார்.

இந்த அமளியில், ரம்பம் நின்ற பிறகும் தூசி மெஷின் ஓடிக்கொண்டே இருந்ததும், உக்கிரபாண்டி மறுபடியும் முறம் முறமாக அதற்கு ஊட்ட ஆரம்பித்திருந்ததும் யாருக்கும் ஞாபகம் இல்லை. முதலில் கவனித்தவன் முத்துப்பாண்டி. டிரம்மைத் தட்டிப் பார்த்தவன் அலறினான்.

"அக்கா, டிரம்மு எப்பவோ ரொம்பிருச்சு! இப்பப் போற தூசி அம்புட்டும் நேரா வெளியதான் போகுது!"

முனீஸ்வரி பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். சத்தம் அடங்கியதும், கிழக்குப் பக்கத்தில் யாரோ தும்முவது கேட்டது. ஒன்று, இன்னொன்று, மறுபடியும் ஒன்று. பிறகு கேட் தடால் என்று திறந்தது.

கனகலட்சுமி வந்து நின்றாள். தலை, புருவம், பட்டுக்கரை போட்ட சேலை எல்லாம் பலாமரத்தின் மஞ்சள் தூள். மஞ்சள் நீராட்டு முடிந்து நேரே வந்தவளைப் போல இருந்தாள். அவள் பின்னால், கையில் நூல் உருண்டையோடு ஒரு கொத்தனார். அவனும் மஞ்சள்தான்.

"சின்னம்மா, மன்னிச்சிருங்க, டிரம்மு ரொம்பி..." என்று முனீஸ்வரி ஓடினாள்.

கனகலட்சுமி அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. நேரே ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில கெடந்தியாமே?" என்றாள். "மூக்குல குழாய் வச்சிருந்தாகளாமே? மளிகைக் கடைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? உனக்கு மூச்சு முட்டுனா எனக்கு ஒரு வார்த்தை சொல்ல இந்த வீட்டுல ஆள் இல்லையா, அண்ணே?"

உக்கிரபாண்டி எழுந்திருக்கப் பார்த்தார். "கனகு, அது..."

"பேசாத. மூச்சு வாங்கும்."

கனகலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தூசியைத்தான் துடைத்தாளா என்று சொல்வதற்கில்லை. திரும்பி, ஜன்னலில் நீட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு முனீஸ்வரியை.

"தை பிறந்தா அங்க வீடு கட்டுறேன். இப்பத்தேன் அளவுக்கு நூல் புடிச்சோம். என் அடுப்படி ஜன்னல் சரியா உன் குழாய்க்கு எதிர்ல வருது. அதுக்கு நீ என்ன செய்யப்போறன்னு யோசிச்சு வையி. நாளைக்கு வந்து கேப்பேன்."

நாளைக்கு வருவாளாம்! முனீஸ்வரிக்கு உள்ளுக்குள் என்னமோ குதித்தது.

கனகலட்சுமி, பாதி செய்து வைத்திருந்த ஒரு நடைவண்டியைக் காலால் நகர்த்திவிட்டு, அண்ணனின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். பாகம் பிரித்த அன்றைக்கு, இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன் என்று மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போனவள் அவள்.

"மதினி" என்றாள் செல்லத்தாயைப் பார்த்து. "தொண்டையெல்லாம் தூசி. குடிக்க ஒரு செம்பு தண்ணி குடு."

செல்லத்தாய் அடுப்படிக்கு ஓடினாள்.